அத்தாயி ஊடு

ஏற்காடு
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷபானாவின் சலாம். நானும் அவரும் நலமாக இருக்கிறோம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, ஜைனப் அண்ணிக்கு மாத்திரையைக் குறைத்தார்களா என்று எழுதுங்கள்.

நேற்று போனில் வீடு என்று நான் ஆரம்பித்ததுமே, "பத்திர விஷயத்தைப் போன்ல பேசாதே, எழுது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சேலத்திலிருந்து இங்கே ஒரு மணி நேர பஸ்தான். ஆனால் மலை வளைவு என்றாலே உங்களுக்கு வயிறு புரட்டும். எனக்கோ தையல் கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது. அதனால் எழுதுகிறேன். ஸ்டாம்பு கேட்டபோது போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு ஓனர் இந்த வீட்டை டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம். வரும் மார்ச்சுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பதினோரு வருடத்தில் இது நான்காவது வீடு. இனியும் சாமான் கட்ட எனக்குத் தெம்பில்லை. இருக்கிற சேமிப்பையும் சொசைட்டி லோனையும் வைத்து ஒரு வீடு வாங்கலாம் என்கிறார் அவர்.

கிளியூர் போகிற வழியில் ஒன்று பார்த்தோம். இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் இடம். விற்கிறவர் பெயர் சுப்பிரமணி, ஹோட்டலில் வேலை. அவருடைய அப்பா கட்டிய வீடு. அப்பா அம்மா இருவரும் இல்லை. அக்கம்பக்கத்தில் அதை "அத்தாயி ஊடு" என்கிறார்கள். நாம் அத்தாவின் அம்மாவை அத்தாம்மா என்று கூப்பிட்டோமே, இவர்கள் அத்தாயி என்பார்கள் போல. சுப்பிரமணி அண்ணனிடம் கேட்டேன். "அத்தாயி எப்பவோ போயிருச்சுங்க" என்றார். பழைய காலத்து மனுஷி வாழ்ந்த வீடு, நல்ல ராசியாக இருக்கும்.

என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் தங்கை
ஷபானா


சேலம்
14.6.2024

அன்புத் தங்கை ஷபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணிக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். மற்றபடி அல்லாஹ் கிருபையில் குறையில்லை.

ராசியைத் தூக்கிக் கடாசு. மனுஷன் ஏன் விற்கிறான் என்று முதலில் கேள். "அவசரம்" என்றால் என்ன அவசரம் என்று கேள். அவசரம் இல்லை என்றால் இன்னும் மோசம். விலை குறைவாகச் சொன்னால் ஏதோ ஓட்டை இருக்கிறது. கூடச் சொன்னால் உன்னை ஏமாளி என்று கணக்குப் போட்டுவிட்டான்.

வெயிலில் போய் வீடு பார்க்காதே. நல்ல மழையில் போ. புதுசாக வெள்ளையடித்த சுவர் எது என்று பார், அதுதான் ஒழுகுகிற சுவர். தண்ணீர் வருகிறதா என்று விற்கிறவனிடம் கேட்காதே, எதிர்வீட்டில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேள். தெரிந்துவிடும்.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று நான்கையும் வாங்கி ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. நான் பழைய பத்திரங்கள் பார்த்துத் தேறினவன், என் கண்ணுக்குத் தப்பாது. போனில் போட்டோ அனுப்பாதே. அது நாலு பேர் கைக்குப் போகும். காகிதத்தில் இருப்பதுதான் நிற்கும்.

மச்சானுக்கு சலாம் சொல்.

ஜாபர் அலி


ஏற்காடு
2.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். இங்கே ஒரு வாரமாக விடாத மழை. எனக்கு இருமல், அவருக்கு ஒன்றுமில்லை. அண்ணியைத் தேன் சாப்பிடச் சொல்லுங்கள், தெரிந்தவர் மூலமாக ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி கொட்டுகிற மழையில் போனோம். சுப்பிரமணி அண்ணன் எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏனுங்க, இந்த மழையிலயா ஊடு பாப்பீங்க?" என்றார். சமையல்கட்டுச் சுவர் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளையடித்து மறைக்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது.

எதிர்வீட்டில் தண்ணீர் கேட்டேன். காபி கொடுத்தார்கள். தண்ணீர்ப் பரீட்சை அதோடு போயிற்று.

வில்லங்கச் சான்றை கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்தோம். சர்வே நம்பரைத் தட்டினால் அந்த இடத்தை யார் விற்றார்கள், யார் அடகு வைத்தார்கள் எல்லாம் வருகிறது. இனி நானே போனில் பார்த்துக்கொள்வேன். இந்த வீட்டுக்கு அடகும் இல்லை, விற்பனையும் இல்லை. சுப்பிரமணி அண்ணன் பக்கத்தில் நின்று, "நம்மூட்டுல வில்லங்கமுன்னு ஒண்ணுமே இல்லீங்க" என்று சிரித்தார். பட்டா இன்னும் அவருடைய அப்பா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்று மட்டும் எங்கோ வைத்துவிட்டாராம், தேடித் தருகிறேன் என்றார்.

ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது.

ஷபானா


சேலம்
8.7.2024

அன்புத் தங்கைக்கு,

சலாம். எல்லோரும் சுகம். தேனை அனுப்பாதே, பார்சலில் உடையும். யாராவது வந்தால் கொடுத்து விடு.

வில்லங்கம் இல்லை என்று அவன் சிரித்தான் பார், அங்கேதான் எனக்கு உதைக்கிறது. செத்தவர் சொத்து பிள்ளைகளுக்கு வருவது வில்லங்கச் சான்றில் ஏறாது. அதை வாரிசுச் சான்றில்தான் பார்க்க வேண்டும். அந்த ஒன்று மட்டும் காணாமல் போகிறது என்றால் அதில் அவன் பெயர் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

கூடப் பிறந்தது யார் யார் என்று விசாரி. குறிப்பாக அக்கா தங்கச்சி. கட்டிக்கொடுத்த பெண் என்று ஊரே மறந்திருக்கும். நீ பத்திரம் முடித்து, பால் காய்ச்சி, நாலு வருஷம் கழித்து ஒருத்தி வக்கீலோடு வந்து நிற்பாள். ஒன்று அவளும் சேர்ந்து விற்க வேண்டும். இல்லையென்றால் தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். ஒரு பொம்பளைக் கையெழுத்து குறைந்தால் வீடே உன்னுடையது இல்லை.

அது வராமல் அட்வான்ஸ் கொடுக்காதே.

ஜாபர் அலி


ஏற்காடு
25.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடையில் வியாபாரம் எப்படி?

திட்டாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் காரில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். கைவிட்டுப் போய்விடும் என்று உங்கள் மச்சான் பயந்துவிட்டார். நானும்தான்.

இப்போது கேளுங்கள். கிளியூர் ராசம்மாள் ரவிக்கை தைக்கக் கடைக்கு வந்தார். அளவு எடுக்கும்போது சும்மா சொன்னேன், உங்கள் பக்கம் குடி வரப்போகிறோம் என்று. எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன்.

"ஏங்கண்ணு, அத்தாயிகிட்டச் சொல்லியாச்சா?" என்றார்.

"அவங்க இறந்துட்டாங்கதானேங்க?" என்றேன்.

"நேத்துக்கூட ஒண்டிக்கடை ஸ்டாப்புல சந்தைப் பையோட நின்னுக்கிட்டிருந்துச்சே, எப்பச் செத்துச்சு?"

அளவை நிறுத்திவிட்டு விசாரித்தேன். அத்தாயி என்பது உறவுமுறை இல்லை அண்ணே, பெயர். சுப்பிரமணியின் சொந்த அக்கா. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். அப்பா கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது அந்த வீட்டில் கூட இருந்து பார்த்தவர் அவர்தான், அதனால்தான் அந்தப் பெயர். "எப்பவோ போயிருச்சு" என்றால் எஸ்டேட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தமாம். சாயங்காலம் சுப்பிரமணியிடம் சண்டைக்கே போனேன். "நான் செத்துப்போச்சுன்னு சொன்னனுங்களா?" என்று என்னையே கேட்கிறார்.

நம் வீட்டு வழக்கத்தை வைத்து அவர்கள் வீட்டுப் பேரைப் புரிந்துகொண்டது என் முட்டாள்தனம். எனக்கு நொம்பப் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

ஷபானா


சேலம்
30.8.2024

அன்புத் தங்கைக்கு,

சலாம். உன் கடிதம் பார்த்து அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அட்வான்ஸ் கொடுக்காதே என்று எழுதிய கை இன்னும் வலிக்கிறது. சரி, போனதைப் பேசிப் பயனில்லை.

பயப்படாதே. இதற்கெல்லாம் வழி இருக்கிறது. சுப்பிரமணியை அக்காளிடம் அனுப்பு. விற்கிறேன் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. "அப்பா பேர்ல கிடக்கு, நம்ம பேருக்கு மாத்தணும், ஒரு கையெழுத்து வேணும்" என்று சொல்லச் சொல். "நம்ம பேருக்கு" என்ற வார்த்தை முக்கியம். கேட்கிறவள் தன் பேரும் அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். பொய்யும் சொன்ன மாதிரி ஆகாது. வீட்டில் ஏதாவது விசேஷமோ துக்கமோ நடந்த கையோடு பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் பொம்பளைகள் படித்துப் பார்ப்பதில்லை. அதிகாரி சம்மதமா என்று கேட்கும்போது பக்கத்தில் நின்று தலையை ஆட்டினால் போதும், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். விடுதலைப் பத்திரம் அரை மணி நேர வேலை.

அதற்குப் பிறகு உனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

ஜாபர் அலி


ஏற்காடு
19.9.2024

அண்ணனுக்கு,

சலாம். இருவரும் நலம்.

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அவரிடம் காட்டவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அத்தா மவுத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள், என்னைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனீர்கள். போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தேன், நாலைந்து தாளில் கையெழுத்துப் போட்டேன். அத்தா பேரில் இருக்கிற வீட்டை நம்ம பேருக்கு மாற்றுகிறோம் என்று சொன்னீர்கள்.

அது என்ன பத்திரம்?

ஷபானா


சேலம்
3.11.2024

அன்புத் தங்கை ஷபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். கடையில் ஆள் இல்லை. அண்ணிக்கு நடுவில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இப்போது எழுந்து நடக்கிறாள், உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சேலத்தில் நல்ல மழை, நம் தெருவில் முட்டி வரை தண்ணீர் நின்றது. மலையில் மண் சரிந்ததாகச் சொன்னார்கள். ஜாக்கிரதையாக இருங்கள்.

யோசித்துப் பார்த்தேன். இந்தக் கிளியூர் வீடு உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. சுவரும் ஈரம், ஆளும் சரியில்லை. வாடகைக்கே இருந்தால் என்ன குறைந்துவிடும்? அட்வான்ஸைத் திரும்பக் கேள்.

நீ ஏதோ பழைய விஷயம் கேட்டிருந்தாய். அது வரி சம்பந்தமான காகிதம். எனக்கே சரியாக நினைவில்லை. அதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. போன் செய், பேசுவோம்.

அண்ணி உனக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்
ஜாபர் அலி


ஏற்காடு
12.11.2024

அண்ணனுக்கு,

சலாம். அண்ணிக்காக துஆ செய்தேன். புடவை வேண்டாம்.

போன் வந்தது தெரியும். எடுக்கக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை.

ரேஷன் கார்டு வேலைக்காக ஒருமுறை உங்களிடம் வாங்கின அத்தாவின் பத்திர ஜெராக்ஸ் என் பெட்டியில் கிடந்தது. அதிலிருந்த சர்வே நம்பரைப் போனில் தட்டினேன். கிளியூர் வீட்டுக்கு எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டதுதான். கடையில் ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்முக்குக் காஜா எடுத்துக்கொண்டே பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

ஆவணத்தின் தன்மை: விடுதலைப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர்: ஷபானா. எழுதி வாங்கியவர்: ஜாபர் அலி. 2018-ஆம் வருடம். தேதி, நாற்பதாம் நாளுக்கு மறுநாள்.

அந்த அதிகாரி நல்ல மனுஷன் அண்ணே. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சம்மதத்தோடதானேம்மா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஆமாம் என்றேன். திரும்பி வரும்போது ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தீர்கள். அத்தா இல்லாவிட்டாலும் அண்ணன் இருக்கிறார் என்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். அந்த அழுகையை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவே இல்லையே. நாலு வீடு மாறினேன். ஒவ்வொரு தடவையும் சாமான் ஏற்ற ஆள் அனுப்பினீர்கள். ஒரு தடவைகூட உங்களுக்கு உறுத்தவில்லையா?

மகன் பங்கில் பாதி மகளுக்கு. மார்க்கம் கொடுத்த பங்கு. அதற்கு மேல் ஒரு செங்கல் நான் கேட்கவில்லை. எழுத்தில் பதில் போடுங்கள்.

ஷபானா


சேலம்
30.12.2024

ஷபானாவுக்கு,

சலாம்.

உன் கல்யாணத்துக்குச் செய்தது நான். அத்தாவின் ஆஸ்பத்திரிச் செலவு நான். அதையெல்லாம் அன்றைக்கு எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க நாம் பங்காளிகள் இல்லை. கூடப் பிறந்தவனைக் கம்ப்யூட்டரில் வேவு பார்க்க யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது, மச்சானா?

இதெல்லாம் எழுத்தில் வேண்டாம். போனை எடு.

ஜாபர் அலி


ஏற்காடு
20.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். குளிர் அதிகம். விடிந்து ஒன்பது மணி வரை எதிர்க்கடை தெரியவில்லை. இருவரும் சுகம். அண்ணிக்கு உடம்பு தேவலையா?

வேவு பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. அத்தாவின் ஆஸ்பத்திரிச் செலவில் என் ஐந்து பவுனும் இருந்தது, அதையும் நாம் எழுதி வைக்கவில்லை. அதை விடுங்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நாகலூருக்குப் போய் அத்தாயியைப் பார்த்தேன். காபிப் பழம் பறிக்கிற நேரம், எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாரென்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

"எந்தம்பி அனுப்புச்சானா?"

"இல்லீங்க."

"போன வாரம் மிக்சர் பொட்டணத்தோட வந்தான். அப்பன் செத்து இத்தன வருஷத்துல மிக்சர் வாங்கியாந்ததே இல்ல. நம்ம பேருக்கு மாத்தோணும், ஒரு கையெழுத்துப் போடுங்குறான். பழம் எடுத்து முடியட்டுமின்னு சொல்லியனுப்புனேன்."

"நம்ம பேருக்கு" என்ற அதே வார்த்தை, நீங்கள் எழுதின மாதிரியே. இந்த வழியை நான் சுப்பிரமணியிடம் சொல்லவில்லை அண்ணே, சத்தியமாக. அவருக்கே தெரிந்திருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை போலிருக்கிறது.

அக்கா இதில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று சுப்பிரமணி என்னிடம் தந்திருந்த விடுதலைப் பத்திர நகலைக் கொண்டுபோயிருந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். எனக்கு யாரும் வாசித்துக் காட்டாததை அவருக்கு வாசித்தேன். "முழு மனச் சம்மதத்துடன் என் பங்கை விட்டு விடுதலையாகிறேன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"விடுதலைன்னா யாருக்குக் கண்ணு விடுதலை?"

நகலை மடித்து ஓரமாக வைத்தேன்.

வீடு விற்கிற விஷயத்தைச் சொன்னேன், விலையையும் சொன்னேன். பாதி அவருடையது என்றும் சொன்னேன்.  பிறகு, "விடுதலையெல்லாம் எழுதமாட்டேன். அவங்கூட நானும் நின்னு விக்கறேன். என் பாதி எம்பேர்ல பேங்க்ல விழோணும்" என்றார். சுப்பிரமணிக்குத் தகவல் போனது. ஆடித் தீர்த்துவிட்டார். வேறு வழியில்லை, அக்கா இல்லாமல் யாருக்கும் விற்க முடியாது என்று தெரிந்ததும் விலையை ஏற்றிவிட்டார். பிப்ரவரி பத்தாம் தேதி திங்கட்கிழமை பதிவு என்று முடிவாகியிருக்கிறது. சேமிப்பு அட்வான்ஸுக்கே போய்விட்டது, சொசைட்டி லோனுக்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை. என் பங்கு வந்தால் வீடு உண்டு. வராவிட்டால் அட்வான்ஸும் போகும், மார்ச்சில் ஐந்தாவது வீடு தேட வேண்டும். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, நிலைமை இதுதான்.

அன்று நான் கிளம்பும்போது அத்தாயி ஒன்று கேட்டார்.

"உனக்கு அண்ணந் தம்பி இருக்காங்களா கண்ணு?"

"ஒரு அண்ணன் இருக்காருங்க, சேலத்துல."

"அவருக்கு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டியா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க, எங்கண்ணன் அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்று வந்துவிட்டது. உங்களை விட்டுக்கொடுக்க முடியவில்லை. எனக்கே என் மேல் அத்தனை கோபம்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பச் செரி. உன்ன நம்பி வாரேன்" என்றார். பத்தாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இன்றைக்குப் பொய்யாக இருக்கிறது. பத்தாம் தேதிக்குள் அதை நிஜமாக்க உங்களால் மட்டும்தான் முடியும், அண்ணே.

ஷபானா